இரண்டு ரேடியோவும் ஒரு இடது காதும்

சங்கரா,

நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. நீயும் ரினியும் புனே போய்ச் சேர்ந்தது, வாடகை வீட்டுப் பால்கனியில் குன்று தெரிவது, அவள் ரசத்தில் சர்க்கரை போட்டது, நீ வாயைத் திறக்காமல் அதைக் குடித்தது, எல்லாம் படத்தோடு வந்துவிட்டன. சாப்பாட்டைப் படம் எடுக்க நேரமிருக்கிறவர்கள் நலமாகத்தான் இருப்பார்கள். கல்யாணம் முடிந்து ஊரை விட்டுப் போன பிள்ளைக்கு அம்மா எழுதினால் குடும்பம் நடத்தப் புத்திமதி சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொள்வாய். அதற்கு எனக்குத் தகுதி கிடையாது; உன் அப்பாவைக் கேட்டால் சிரிக்காமல் சொல்லுவார். இது வேறு விஷயம். உன் மேஜை இழுப்பறையில் ஒரு விண்ணப்பத் தாளை விட்டுப் போயிருக்கிறாய். பன்னிரண்டு வயதில் பரீட்சை எழுதி நீ வாங்கிய அமெச்சூர் ரேடியோ லைசென்சின் இருபது வருஷம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. புதுப்பிக்கிற தாளில் பெயரெல்லாம் நிரப்பிவிட்டு, கையெழுத்து மட்டும் போடவில்லை. கேட்டதற்கு, ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, "விடும்மா, இனிமே அதெல்லாம் எதுக்கு" என்றாய். காரணம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரியாத மாதிரி இரண்டு பேரும் இரண்டு வருஷம் நடித்தோம். எனக்கு நடித்து அலுத்துவிட்டது.

இதை நீ ரினிக்கு வங்காளியில் படித்துக் காட்டத்தான் போகிறாய், அதனால் அவளுக்கும் புரிகிற மாதிரியே எழுதுகிறேன். உன் மாமியார் பொழுதுபோக்குக்காக லைசென்ஸ் வாங்கி ரேடியோவில் உலகத்தோடு பேசுகிறவள், ரினி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் கால் போட்டுக் கொடுத்துச் சம்பாதித்தவளுக்கு வீட்டுக்கு வந்தும் அந்த வியாதி விடவில்லை. என் மேஜையில் இரண்டு ரேடியோ, ஒரே ஹெட்போன். ஒரு ரேடியோ இடது காதில், இன்னொன்று வலது காதில். யார் அதிக ஊர்களைப் பிடிக்கிறார்கள் என்று பந்தயம் நடக்கிற நாளில் ஒன்றில் பேசிக்கொண்டே மற்றதில் யார் கூப்பிடுகிறார்கள் என்று பிடிக்க வேண்டும். ஒரு காதில் மாமியார், இன்னொரு காதில் குக்கர் விசில், இரண்டையும் எண்ணிக்கொண்டு சமைத்த எந்தப் பொம்பளைக்கும் இது பெரிய வித்தை இல்லை. ஆனால் நம் கல்கத்தா ரேடியோ கிளப்பில் உள்ள ஆண்களைக் கேட்டுப் பார். என்னமோ இமயமலை ஏறின மாதிரி மூச்சு வாங்குவார்கள். ஒருத்தன் இரண்டு ரேடியோவையும் இரண்டு காதிலும் கலந்து விட்டுக்கொண்டு, எது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் திருதிருவென்று முழிப்பான். இன்னொருத்தன் பச்சையும் சிவப்புமாக விளக்கு எரிகிற ஹெட்போன் வாங்கி மாட்டிக்கொள்வான். காதுக்கு எதற்கடா விளக்கு? தலைவர் ஹால்தார் பாபு பேச ஆரம்பித்தால் பாக்கி எல்லாவற்றையும் அமுக்கிவிட்டு அவர் குரலை அவரே கேட்டு ரசிப்பார்.

என் சட்டங்கள் உனக்கு மனப்பாடம். எந்த ரேடியோ எந்தக் காதில் என்று ஒரு தடவை முடிவு பண்ணிவிட்டால் அதை மாற்றக் கூடாது. எனக்கு இடது காது ஊருக்கு, வலது காது தூரத்துக்கு. இரண்டு சத்தமும் ஒரே அளவில் இருக்கக் கூடாது. கவனம் வேண்டியதைக் கொஞ்சம் தூக்கியும் மற்றதைக் கொஞ்சம் இறக்கியும் வைக்க வேண்டும். இறக்கலாம், ஒருபோதும் அணைக்கக் கூடாது. இரண்டிலும் மோர்ஸ் தந்தி கேட்டால் ஒன்றின் சுருதியைக் கீழேயும் ஒன்றை மேலேயும் வைத்துக்கொள்ள வேண்டும். புரியாவிட்டால் "மறுபடி சொல்" என்று கேட்க வேண்டும். ரேடியோவில் அதைவிட மலிவான வார்த்தை கிடையாது, எத்தனை தடவை கேட்டாலும் மின்சார பில் ஏறாது. இதை உனக்கு நான் நூறு தடவை சொல்லியிருப்பேன், பெரிய ஞானி மாதிரி.

பதினாறு வயதில் ஒரு பந்தயத்தில் ஹெட்போனை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாயே, ஞாபகம் இருக்கும். ஜப்பான்காரன் வலது ரேடியோவில் கூப்பிட்டான். உனக்கு இடது காதில் கேட்டது. நீ இடது ரேடியோ மைக்கைப் பிடித்துக்கொண்டு, காலியான அலைவரிசையைப் பார்த்து, மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்று வேடிக்கை பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. அவன் அலுத்துப் போய் விலகின பிறகு, "காதே எந்தப் பக்கம்னு தெரியாதவன் எல்லாம் ஆப்பரேட்டராம்" என்றேன். அதோடு விட்டேனா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் அதை நடித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு வருஷம் உன்னை ஜப்பான் என்றே கூப்பிட்டார்கள். நீயும் சிரித்தாய். பிள்ளை நன்றாகத் தாங்குகிறான் என்று எனக்குப் பெருமை வேறு. எனக்கு அன்றைக்கு இருந்த புத்தியை இன்றைக்கு நினைத்தால் காறித் துப்பலாம் போலிருக்கிறது.

இனி புயல் நாளுக்கு வருகிறேன். கடலோரத் தீவில், பள்ளிக்கூடக் கட்டிடத்தில் ஜனங்களைத் தங்க வைத்திருந்தார்கள். போன் கோபுரம் சாய்ந்துவிடும் என்று தெரிந்து கிளப் உன்னை ஒரு ரேடியோ, ஒரு லாரி பேட்டரி, ஆன்டெனா கட்ட ஒரு கம்பிச் சுருளோடு அனுப்பியது. லேக் கார்டன்ஸ் வீட்டில் நான். இடது காதில் ஊர் ரேடியோ, ஹால்தார் பாபுவும் அரசாங்க ஆபீசும். வலது காதில் தீவு, அதாவது நீ. மத்தியானம் மழை ஜன்னலில் அறைந்துகொண்டிருந்தது. இடது காதில் ஹால்தார் பாபு பிஸ்கட் பெட்டி எத்தனை, தார்ப்பாய் எத்தனை என்று பாராயணம் பண்ணிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் உன் பக்கம் கரை உடைந்து, பள்ளிக்கூடத்துக்கு வரமுடியாமல் மாட்டுக்கொட்டகைக் கூரையில் பதினோரு பேர் ஏறி நின்றார்கள். அடுத்த கடல் ஏற்றத்துக்கு முன்னால் படகு வேண்டும் என்று நீ என்னைக் கூப்பிட்டாய். அழைப்புகளைக் குறித்து வைக்கிற உன் லாக் புத்தகத்தில் ஒன்பது தடவை என்று எழுதியிருக்கிறது. கடைசியில் ஒரிசாவில், கட்டக்கில் யாரோ ஒரு மனுஷர் உன் குரலைக் கேட்டு, போன் போட்டுச் சொல்லி, படகு கிளம்பியது. நாற்பது நிமிஷம் தாமதம். கூரையில் நின்றவர்களுக்கு இடுப்புவரை தண்ணீர். யாரும் சாகவில்லை. அதனால்தான் என் பொய் இத்தனை நாள் உயிரோடு இருந்தது.

கிளப் கூட்டத்தில் ஹால்தார் பாபு கேட்டார், "பௌதி, ஆப்னி கிச்சுய் ஷோனென் நி?" ஒன்றுமே உங்கள் காதில் விழவில்லையா, அண்ணி? நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "கிச்சு ஆஷே நி" என்றேன். ஒன்றும் வரவில்லை. அதோடு நிறுத்தியிருந்தாலாவது மனுஷி. கம்பியை அளவுக்கு மேல் உயரத்தில் கட்டினால் அலை பக்கத்து ஊரைத் தாண்டிக் குதித்துத் தூரத்தில் போய் விழும், கட்டக்குக்குக் கேட்டதும் கல்கத்தாவுக்குக் கேட்காததும் அதனால்தான் என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கினேன். நீ எழுந்து, "ஆளுயரத்துலதாம்மா கட்டினேன்" என்றாய். "அளந்து பாத்தியால?" என்றேன். புயல் காற்றில் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் டேப் வைத்தா அளப்பான்? ஆனால் அந்த விளக்கு ஹெட்போன்காரன் முதற்கொண்டு எல்லாத் தலையும் ஆடியது. சொந்த மகன் என்றுகூடப் பார்க்காமல் உண்மை பேசுகிறாள், என்ன நேர்மை என்று ஒருத்தர் டீ குடிக்கும்போது என்னிடமே சொன்னார். நான் அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டேன், கூடவே சமோசா மாதிரி ஒரு சிங்காராவும். உன் பெயரை வெளியூர்க் குழுவிலிருந்து அடித்தார்கள். அதற்குப் பிறகு நீ மைக்கைத் தொடவில்லை.

இப்போது உண்மை. ஏதோ கேட்டது, சங்கரா. அன்றைக்கு வலது காதில் ஏதோ ஒன்று கேட்டது. இடிச் சத்தத்துக்கு நடுவில் ஒரு மனுஷக் குரல், வார்த்தை இல்லாமல், பக்கத்து வீட்டில் சண்டை நடப்பது சுவர் வழியாகக் கேட்கிற மாதிரி. அதற்கு ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே என் வலது காது போக ஆரம்பித்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் கடியாஹாட் பக்கம் போய்க் காது டெஸ்ட் எடுத்தேன். கோடு மலையிலிருந்து இறங்குகிற மாதிரி இறங்கிய அந்தச் சார்ட்டைப் பூஜைப் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். காது போனது என் தப்பில்லை. வயசானால் போகும், பல் போகவில்லையா? இரண்டு பிளக்கைப் பிடுங்கி மாற்றிச் செருகியிருந்தால் நீ என் நல்ல காதுக்கு வந்திருப்பாய். அரை நிமிஷ வேலை. ஆனால் வலது காது தூரத்துக்கு என்பது என் சட்டமாயிற்றே. மாற்றினால் உன் அப்பா ஏன் என்று கேட்பார். அதைவிடக் கேவலம், "மறுபடி சொல்" என்று நான் ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்டால், நீ சொல்லுவாய், எனக்கு அப்போதும் புரியாது, இன்னொரு தடவை கேட்க வேண்டும், ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் அது வெறும் இரைச்சல் என்று முடிவு பண்ணி, வால்யூமைக் கொஞ்சம் இறக்கினேன். ஆமாம், இறக்கினேன். கூரையில் பதினோரு பேரோடு நீ கத்திக்கொண்டிருந்தபோது, நான் பிஸ்கட் கணக்கைச் சுத்தமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நீ ஒரு பெட்டி செய்துகொண்டு வந்தாய். சந்தேஷ் இனிப்பு டப்பா அளவில் அலுமினியப் பெட்டி, மூன்று நிலை உள்ள ஒரு சுவிட்ச், இரண்டு குமிழ். ரினியை முதல் தடவையாக வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றைக்குத்தான் கொடுத்தாய். முதல் நிலையில் ஆளுக்கு ஒரு காது, இரண்டாவதில் ஒரே ரேடியோ இரண்டு காதிலும். "மூணாவது ரெண்டையும் சேத்துக் கேக்கிறதுக்கும்மா, ஒரு தடவை போட்டுப் பாரேன்" என்றாய். நான் அதைத் தொடக்கூட இல்லை. "ரெண்டையும் சேத்தா? கிச்சடிய தட்டுல போடுவாங்க, காதுல யாராவது போடுவாங்களால? செக்டர் ஃபைவ் கம்பெனில ஏசில உக்காந்து இதத்தான் படிச்சியா?" என்றேன். ரினிக்குத் தமிழ் புரியாவிட்டாலும் முகம் புரிந்தது. அவள் தட்டிலிருந்த முறுக்கைக் கீழே வைத்துவிட்டாள். நீ "டிக் ஆச்சே", பரவாயில்லை என்று அவளிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, பெட்டியை மேஜையிலேயே விட்டுப் போனாய். நான் அதைக் கொண்டுபோய் அதே புடவை அலமாரியில், அந்தச் சார்ட்டுக்கு மேலேயே வைத்துப் பூட்டினேன். மடத்தனத்துக்கும் ஒரு வரிசை வேண்டுமே.

நீங்கள் ரயில் ஏறின மறுநாள், வீடு வெறிச்சென்று கிடந்தபோது, அதை எடுத்து மாட்டினேன். குறை கண்டுபிடிக்கத்தான் மாட்டினேன், வேறு நல்ல எண்ணம் எதுவும் எனக்கு இல்லை. மூன்றாவது நிலைக்குத் திருப்பினதும் இரண்டு ரேடியோவும் கேட்டது. தெளிவாகக் கேட்டது. ஊர் ரேடியோ தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி மெல்லிசாக, தூரத்து ரேடியோ பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி கனமாக. ஒரே இடத்தில் கேட்டாலும் எது எதென்று குழப்பமே இல்லை. மூன்று வருஷத்துக்குப் பிறகு தூரத்து ஊர்க்காரர்கள் வார்த்தை வார்த்தையாகப் பேசினார்கள். கெட்டிக்காரத்தனமாக ஏதோ செய்திருக்கிறான், அதிலும் ஒரு ஓட்டை இருக்கும் என்று ஹெட்போனை இடம் வலம் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். என் நல்ல காதில் ஒன்றுமே இல்லை, சுத்தமான நிசப்தம். சிரித்தேன், உண்மையாகவே. வலது பக்கம் வேலை செய்யவில்லை, பையனுக்கு ஈயம் கூட ஒழுங்காக வைக்கத் தெரியவில்லை என்று திருப்புளியை எடுத்துத் திறந்தேன். உள்ளே ஒரு குறையும் இல்லை. முத்து முத்தாக ஈயம் வைத்திருக்கிறாய். மூன்றாவது நிலையில் இரண்டு ரேடியோவையும் இடது பக்கத்துக்கே விட்டு, வலது பக்கத்துக்கு நீ கம்பியே இழுக்கவில்லை. எந்தக் கடையிலும் விற்காத பெட்டி அது. உலகத்தில் ஒரே ஒரு செவிட்டுக் காதுக்காகச் செய்தது.

திருப்புளியும் கையுமாக நான் உட்கார்ந்திருந்ததை உன் அப்பா பார்த்தார். பேப்பரை மடித்துக்கொண்டே, "அந்த மீட்டிங் முடிஞ்சு வந்தன்னைக்கே கேட்டான். அம்மா வலது பக்கம் போன வச்சுப் பேசி எத்தன நாளாச்சுப்பான்னு" என்றார். "நீங்க என்ன சொன்னீய?" என்றேன். "நான் என் நாற்காலிய எப்பவோ உன் இடது பக்கம் மாத்திட்டேன்னு சொன்னேன்" என்றார். பார்த்தேன், நிஜமாகவே நாற்காலி இடது பக்கம்தான் கிடந்தது. என் காது என்னவென்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். நான் ஒருத்திதான் ரகசியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

இதில் உன்னையும் நான் சும்மா விடப்போவதில்லை. உனக்குத் தெரிந்திருக்கிறது. ஆளுயரக் கம்பி, ஒன்பது அழைப்பு, கேட்காத காது, எல்லாம் தெரிந்தும் அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஒப்புக்கொண்ட மாதிரியே இருந்தாய். பெற்றவளைக் காப்பாற்றினாயாக்கும்? யார் உன்னைக் கேட்டது? என் பொய்யைச் சுமக்கிற உனக்கு நான் ஒரு நாளும் கை கொடுக்க வரமாட்டேன் என்று தெரிந்தும் சுமந்தாயே, அது நல்ல பிள்ளைத்தனம் இல்லை, அசட்டுத்தனம். நான் அந்த மாதிரிப் பிள்ளையை வளர்த்ததற்கு வெட்கப்படுகிறேன், அந்த மாதிரிப் பிள்ளைக்கு நான் அம்மாவாக இருந்ததற்கு அதைவிட வெட்கப்படுகிறேன். ரினியிடம் இந்த வேலையைக் காட்டாதே. ரசத்தில் சர்க்கரை போட்டால் போட்டாய் என்று சொல். அவள் தப்பை நீ மூடி வைத்தால் அவளும் என்னை மாதிரி ஆகிவிடுவாள். ஒரு குடும்பத்துக்கு நான் ஒருத்தி போதும். உன் காது எப்போதாவது போனால் அன்றைக்கே அவளிடம் சொல். அந்தப் பெட்டியை நீயே உனக்குச் செய்துகொள்ள வேண்டிய நிலை வரக் கூடாது.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளப்பின் வாராந்திரக் கூட்டம் ரேடியோவில் நடந்தது. பெயர் கொடுத்து, என் முறை வந்ததும், எனக்குத் தெரிந்த வங்காளியில் சொன்னேன். புயல் நாளில் சிக்னல் வந்தது, என் வலது காது செவிடு, அதை மறைக்க என் மகன் மேல் பழி போட்டேன், அவன் கம்பி சரியான உயரத்தில்தான் இருந்தது. அப்புறம் ஹால்தார் பாபு, "பௌதி, ஆரேக் பார் போலுன்" என்றார். இன்னொரு தடவை சொல்லுங்கள். நல்ல காது உள்ள மனுஷர். முதல் தடவையே அவருக்குக் கேட்டிருக்கும். நம்ப முடியாமல் கேட்டாரோ, எல்லாரும் லாக்கில் எழுதிக்கொள்ளட்டும் என்று கேட்டாரோ, எப்படியோ, நான் கேட்கக் கூசின வார்த்தையை அவர் கூசாமல் கேட்டார். மறுபடி சொன்னேன். இரண்டாவது தடவை என் குரல் கொஞ்சம் ஆடியது, அதையும் எல்லாரும் கேட்டார்கள். கேட்கட்டும். இந்தக் கடிதத்தின் வங்காளி நகலும் கிளப் பலகையில், உன் பெயரை அடித்த தாளுக்குப் பக்கத்திலேயே ஒட்டப்படும். ஒட்டச் சொல்லி நான்தான் கொடுத்தேன்.

விண்ணப்பம் இந்தக் கவரிலேயே இருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். போட்டு அனுப்பு, அல்லது கிழித்துப் போடு. அது உன் இஷ்டம், அதற்கும் நான் சட்டம் போட முடியாது. உன் பழைய ரேடியோவையும் கம்பிச் சுருளையும் பார்சலில் போட்டுவிட்டேன், வியாழக்கிழமை வந்து சேரும். லைசென்ஸ் மாதக் கடைசிவரை உயிரோடுதான் இருக்கிறது. சனிக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கு இருபது மீட்டர் அலைவரிசையில், நம் வழக்கமான இடத்தில், உன்னைக் கூப்பிடுவேன். அன்றைக்குப் பெரிய பந்தயம் இருக்கிறது, ஆகாயம் முழுக்கச் சந்தைக் கூச்சலாக இருக்கும். நீ வந்தால் வந்ததைச் சொல். எனக்குப் புரியாவிட்டால், மறுபடி சொல் என்று கேட்பேன். பத்து தடவையானாலும் கேட்பேன். பெட்டி மூன்றாவது நிலையில் இருக்கும். இன்னொரு ரேடியோவை அணைத்து வைத்திருப்பேன்.

அம்மா